இருபத்து மூன்று பாகை ஏற்றம்

ஏப்ரல் 20, ஞாயிறு

புதிய நோட்டு என்பதால் முறைப்படி ஆரம்பிக்கிறேன். என் பெயர் பாண்டிமீனா. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்து ஐந்து நாள் ஆகிறது. ஊர் மூங்கில்பள்ளம். மலையில் பாதி உயரத்தில் முப்பத்தொரு வீடுகள். அப்பா பெத்தணசாமி எங்கள் பிக்கப் வண்டியில் வாரம் மூன்று நாள் மலைவாழைத் தார்களை ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு போவார். அம்மா பஞ்சவர்ணம் தார்களை எண்ணி ஏற்றுவாள், அப்பாவைத் திட்டுவாள்.

இன்று ஓடையில் வண்டி மறுபடியும் இடித்தது. ஊரிலிருந்து தார் ரோட்டுக்கு ஆறு கிலோமீட்டர் மண் பாதை. நடுவில் ஓடை குறுக்கிடுகிறது. பாலம் இல்லை. ஓடைக்குள் இறங்கி, எதிர்க்கரையில் ஏற வேண்டும். முன் சக்கரங்கள் கரையில் ஏறியதும் வண்டி மூக்கைத் தூக்கும், வால் தாழும். பின் சக்கரத்துக்குப் பின்னால் தொங்குவதெல்லாம் பாறையில் தேயும். இன்று ஸ்டெப்னியைத் தாங்கும் இரும்பு வளைந்துவிட்டது.

"ஒங்க வண்டி நல்லா உக்காந்து எந்திரிக்குது" என்றாள் அம்மா.

"நீ எறங்கி நின்னிருந்தா இடிச்சிருக்காது."

"ஆமா, நாந்தான் அம்பது தாரு வெயிட்டு!"

சாப்பிடும்போது அம்மா குரலைத் தாழ்த்தி, "இந்த ஓடையில வண்டி நிக்காமப் போனாத்தான் பிள்ளைக்கு ஒரு வழி. மழைக்கு முன்னால என்னமாச்சும் பண்ணுங்க" என்றாள். அடுப்படியில் இருந்த எனக்குக் கேட்டது.

எங்கள் பள்ளியில் பத்து வரைதான். பிளஸ் ஒன் என்றால் வத்தலக்குண்டு. தினமும் அப்பாவோடு வண்டியில் போய் வரலாம். அது முடியாதென்றால் ஹாஸ்டல். அதாவது, வண்டி ஓடை ஏறினால் வீடு, ஏறாவிட்டால் ஹாஸ்டல்.

எனக்கு எதுவானாலும் சரி. ஹாஸ்டலில் மூன்று பீரோ நிறையப் புத்தகம் இருப்பதாக எங்கள் தமிழ் டீச்சர், தமிழம்மா, சொல்லியிருக்கிறார். எங்கள் பள்ளியில் இருந்த ஒரே அலமாரியை ஒன்பதாவதிலேயே முடித்துவிட்டேன்.

ஏப்ரல் 21, திங்கள்

காலையில் வண்டி வாசலில் நின்றது. அடியில் படுத்துப் பார்த்தேன். வாலில் தாழ்ந்து தொங்குபவை மூன்று: ஸ்டெப்னி, சைலன்சர் குழாயின் நுனி, கடைசியில் குறுக்காகப் போகும் இரும்புச் சட்டம். சட்டம் வண்டியோடு வந்ததல்ல. வாங்கிய வருடம் பின்னால் யாரும் மோதிவிடக் கூடாதென்று அப்பா தனியாகச் செய்து மாட்டியது.

பின் சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் நூலின் ஒரு முனையை வைத்து, மறுமுனையை ஸ்டெப்னியின் அடி வரை இழுத்துப் பிடித்தேன். தரைக்கும் நூலுக்கும் நடுவில் உள்ள கோணம்தான் வண்டி இடிக்காமல் ஏறக்கூடிய கோணம். உயரத்தைத் தூரத்தால் வகுத்து, கணக்குப் புத்தகத்தின் கடைசியில் உள்ள டேன் அட்டவணையில் பார்த்தேன். பதினாறு பாகை.

மத்தியானம் ஓடைக்குப் போய், கரைச் சரிவில் நேரான மூங்கிலைக் கிடத்தி, கோணமானியில் நூல் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு அளந்தேன். மூன்று முறையும் இருபத்து மூன்று.

பதினாறு உள்ள வண்டி இருபத்து மூன்றில் ஏறாது. இவ்வளவு நாளாக இதைத் திட்டித் திட்டியே ஏற்றியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் படமாக வரைந்து அப்பாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "இதுல எங்க வண்டி இருக்கு?" என்று கேட்டார். முக்கோணத்தைக் காட்டினேன். "சக்கரம் எங்க?" சக்கரம் வரைந்து கொடுத்த பிறகு புரிந்தது.

ஏப்ரல் 24, வியாழன்

அம்மா சந்தையில் மூடி போட்ட வாளி ஒன்று வாங்கி வந்திருக்கிறாள். வீட்டில் ஏற்கெனவே இரண்டு வாளி இருக்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

தார் ரோட்டு முக்கில் சவரிமுத்து மாமாவின் பட்டறை. அப்பாவும் அவரும் சின்ன வயதிலிருந்தே பழக்கம். என் படத்தை அவர் கிரீஸ் கையோடு வாங்கியதில் முக்கோணத்தின் ஒரு மூலை கறுப்பாகிவிட்டது.

"மாப்ள, ஒன் வண்டிக்கு எஞ்சினியர் வச்சிருக்கியா? சொல்லவே இல்ல. வாத்தியாரம்மா, இம்புட்டும் நீ போட்டதா?"

"ஆமா மாமா. இருபத்து மூணுக்கு மேல வரணும்."

"வந்துரும். ஸ்டெப்னியக் கழட்டி கேபினுக்குப் பின்னாடி நிறுத்தி வச்சுக் கட்டுவோம். சைலன்சரப் பாதியில வெட்டிப் பக்கவாட்டுல திருப்பிவிடுவோம். பின் சக்கரத்துக்கு மேல வண்டியத் தாங்குற கமான் பட்டையில ஒரு பிளேட்டுச் சேப்போம், பின்பக்கம் நாலு வெரக்கட ஏறும். இந்தச் சட்டத்த அறுத்துத் தூரப் போட்டா இன்னும் நல்லது."

"சட்டம் கெடக்கட்டும்" என்றார் அப்பா.

"கெடந்து என்ன செய்யப்போவுது?"

"கெடக்கட்டும்னா கெடக்கட்டும்யா."

சட்டத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டேன். இருபத்து நான்கு வருகிறது. தேவைக்கு ஒரு பாகை அதிகம்.

திரும்பும் வழியில் அப்பா ஹாஸ்டல் விண்ணப்பத்தைப் படிக்கச் சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று தமிழம்மா கொடுத்தது. விதிகளை வரிசையாக வாசித்தேன். "சனிக்கிழமை பிற்பகல் பெற்றோர் நேரில் வந்து அழைத்துச் செல்லலாம்" என்பதை மட்டும் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். ஹாஸ்டல் எவ்வளவு கண்டிப்பானது என்று பார்க்கிறார் போலிருக்கிறது. அதில் அவருக்கு விருப்பமில்லை என்பது எனக்குத் தெரியும்.

மே 2, வெள்ளி

வண்டி தயார். பின்பக்கம் தூக்கிக்கொண்டு, ஓடத் தயாராகக் குனிந்து நிற்கும் பிள்ளை மாதிரி இருக்கிறது. நூல் பிடித்து அளந்தேன். இருபத்து நான்கரை.

எங்கள் ஊரில் பட்டறையில் பெரிய வேலை பார்த்த வண்டி முதலில் கருப்பணசாமி கோயிலுக்குத்தான் போக வேண்டும். கோயில் ஓடைக்கு அந்தப் பக்கம். வீட்டு ஆட்கள் மட்டும் போவார்கள். பின்னால் ஒரு துரும்புகூட ஏற்றக் கூடாது. சாமி முன்னால் வெறும் வண்டியாக நிற்க வேண்டும். அம்மா வண்டியின் பின் தொட்டியை மூன்று முறை பெருக்கினாள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கிளம்பினோம்.

ஓடையில் இறங்கி ஏறினோம். சத்தமே இல்லை. அம்மா "இடிச்சுச்சா?" என்றாள். "இல்ல" என்றார் அப்பா. பிறகு அம்மா, "நம்ப முடியல. திரும்பிப் போயி இன்னொருக்க ஏறுங்க" என்றாள். ஏறினோம். இடிக்கவில்லை.

ஆக, நான் வீட்டிலிருந்தே படிப்பேன். இதை வெறும் தகவலாகத்தான் எழுதுகிறேன்.

கோயிலில் அப்பா கண்ணை மூடி வெகுநேரம் நின்றார். நான் வேண்டிக்கொள்ளவில்லை. அளந்த பிறகு வேண்டுவதற்கு என்ன இருக்கிறது?

மே 5, திங்கள்

அவமானம்.

அறுபது தார் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினோம். ஓடையின் எதிர்க்கரையில் முன் சக்கரம் ஏறியது, வால் இறங்கியது, கடைசிச் சட்டம் ஓடை மண்ணில் மண்வெட்டி போலக் குத்தி நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பின் சக்கரம் சுற்றிச் சுற்றிச் சேற்றை வாரி இறைத்தது.

முப்பது தார்களை இறக்கிக் கரைமேல் சுமந்தோம். வாழைக்கறை என் சட்டை முழுக்க. அம்மா ஒவ்வொரு தாருக்கும் ஒரு வசவு வைத்திருந்தாள். எதுவும் எனக்கு இல்லை, எல்லாம் ஓடைக்கு. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பட்டறையில் சவரிமுத்து மாமா ஒரே கேள்விதான் கேட்டார். "வாத்தியாரம்மா, தாரு ஏத்துனா வண்டி குந்தாதா?"

நான் அளந்ததெல்லாம் வெறும் வண்டி. முதல் நாளும் வெறும் வண்டி. சாமிக்குக் காட்டியதும் வெறும் வண்டி. சுமை ஏற்றிய வண்டியில்தான் நாங்கள் பிழைக்கிறோம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மீண்டும் அறுபது தாரையும் ஏற்றி நிறுத்திய வண்டியில் அளந்தேன். பின்பக்கம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கியிருக்கிறது. இருபது பாகை.

மே 6, செவ்வாய்

ஹாஸ்டலில் காலையில் இட்லி, இரவில் சப்பாத்தி. புதன்கிழமை முட்டை.

மே 9, வெள்ளி

சவரிமுத்து மாமா வீட்டுக்கே வந்தார். வண்டியைச் சுற்றி வந்து, கடைசிச் சட்டத்தைக் காலால் தட்டினார்.

"பத்து நிமிச வேல மாப்ள. அறுத்துவிட்டா வாலு காத்தாடும்."

"இன்னொரு பட்டை சேத்துரு."

"சேத்தா வெறும் வண்டி முயலு மாதிரிக் குதிக்கும். ஒன் இடுப்பு கழண்டு கையில வந்துரும். என்னதாய்யா இருக்கு இந்தச் சட்டத்துல?"

அப்பா டீ வாங்கி வருவதாகப் போனார். எங்கள் ஊரில் டீக்கடை கிடையாது.

அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். "சட்டத்துல என்ன எழுதியிருக்கு, படிச்சியா?" என்றாள்.

படிக்க என்ன இருக்கிறது? சிவப்பில் மஞ்சள் எழுத்தாக 'பாண்டிமீனா', இரண்டு பக்கமும் ஒரு பூ. நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது வத்தலக்குண்டில் ஒரு பெயிண்டர் எழுதியது. எல்லா வண்டியிலும் பிள்ளைகளின் பெயர் இருக்கும். தினமும் பார்ப்பதால் நான் அதைப் பார்ப்பதே இல்லை.

"பிள்ள பேருல பிளேடு வைக்கமாட்டாராம். பைத்தாரத்தனம்! கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. நான் சொன்னதாச் சொல்லிறாத."

இது அறிவியலுக்குப் பொருந்தாத நம்பிக்கை. இரும்பை அறுத்தால் இரும்புதான் அறுபடும். பெயர் என்பது எண்ணெயில் கரைத்த வண்ணப்பொடி. இதை ஆறு குறிப்புகளாக எழுதி வைத்தேன், அப்பாவிடம் வாசித்துக் காட்டலாம் என்று.

வாசிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த ஆறும் பொடிப்பொடியாகத் தெரிந்தன.

மே 11, ஞாயிறு

அப்பா சந்தைக்காகச் சாக்கு வாங்க மேல்ஊருக்கு நடந்து போயிருந்தார். அம்மா தோட்டத்தில். நான் உப்புத்தாளும் ஒரு வாளித் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

நினைத்ததைவிடக் கெட்டியான வண்ணம். 'பா' போக அரை மணி நேரம். 'ண்டி' சுலபம். 'மீ'யின் சுழி ஒரு பள்ளத்தில் இறங்கியிருந்தது, நகத்தால் சுரண்டினேன். 'னா' முடிந்தபோது விரல் நுனிகள் எரிந்தன. பிறகு எழுத்து இருந்த இடம் வெள்ளை இரும்பாகப் பளபளத்தது. வேறு ஒரு வண்டியின் சட்டம் போல.

அப்பா சாக்குக் கட்டை இறக்கி வைத்துவிட்டுப் பின்பக்கம் வந்தார். பார்த்தார். குத்த வைத்து உட்கார்ந்து கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவினார்.

"யாரு செஞ்சா?"

"நாந்தான்ப்பா. இப்ப இதுல பேரு இல்ல. வெறும் இரும்புதான். அறுக்கலாம்."

திட்டுவார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துத் திருப்பி விரல்களைப் பார்த்தார்.

"பூவ ஏன் விட்டுட்ட?"

"பூ யாரு பேரும் இல்லையே."

"அது சரி" என்றார். உள்ளே போய்த் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் விரல்களுக்குத் தடவிவிட்டார். எனக்குப் பதினைந்து வயதாகிறது. இருந்தாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அம்மா வந்து பார்த்துவிட்டு, "ஒரு சட்டத்த அறுக்க ஒரு வீடே ஒக்காந்து அழுவுறீங்களே" என்றாள். நாங்கள் யாரும் அழவில்லை. அவள்தான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மே 12, திங்கள்

சவரிமுத்து மாமா மெஷினைக் கொண்டுவந்து ஓடைக்கரையிலேயே அறுத்தார். தீப்பொறி பறந்தது. அப்பா அந்த நேரத்தில் டயரில் காற்று இருக்கிறதா என்று முன்பக்கம் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை நான் ஏமாறவில்லை. அறுபது தார், அதன்மேல் அம்மா, பக்கத்து வீட்டு வேலுத்தாய் சித்தி, அவர்கள் ஆட்டுக்கிடா ஒன்று. அளந்தேன். இருபத்தெட்டு. ஐந்து பாகை மிச்சம்.

நான் கரையோரம் குப்புறப் படுத்துக்கொண்டு வாலின் அடியையே பார்த்தேன். முன் சக்கரம் ஏறியது. வால் இறங்கியது, இன்னும் இறங்கியது, நின்றது. பாறைக்கும் வண்டிக்கும் நடுவில் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சம் மறையவே இல்லை. பின் சக்கரமும் ஏறிவிட்டது.

மேலிருந்து சித்தி "ஏ மீனா, எந்திரிடி, பாம்பு கீம்பு இருக்கப்போவுது!" என்று கத்தினாள். கிடா மட்டும் பயத்தில் ஒரு தாரைக் கடித்துவிட்டது.

அப்பா இறங்கி வந்து கரையைப் பார்த்து, "இனி மழ பேஞ்சாலும் சனிக்கிழமைக்குப் பயமில்ல" என்றார். சனிக்கிழமை நாங்கள் சுமை ஏற்றுவதே இல்லை. ஏன் சனி என்றார் என்று தெரியவில்லை. சந்தோஷத்தில் குழம்பியிருப்பார்.

மே 16, வெள்ளி

நானூற்று எழுபத்தெட்டு. பள்ளியில் முதல். அம்மா முப்பத்தொரு வீட்டுக்கும் கடலைமிட்டாய் கொடுத்தாள். சண்டை போட்ட வீட்டுக்கு இரண்டு கொடுத்தாள், அவர்கள் மறக்கக் கூடாது என்று.

மாலையில் என் நேர அட்டவணையைக் காட்டினேன். காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குள் பள்ளி. சுமை இல்லாத நாட்களில் முக்கு வரை அப்பா, அங்கிருந்து பஸ். மாலை ஏழரைக்கு வீடு. வண்டியில் மனப்பாடம் செய்யலாம் என்று அதற்கும் ஒரு கட்டம் போட்டிருந்தேன்.

அப்பா கேட்டுவிட்டு, "எதுக்கு ஆத்தா இது?" என்றார்.

"தினமும் போய் வர."

"தெனமும் அஞ்சு மணி நேரம் ரோட்டுலயே போச்சுன்னா எப்பப் படிப்ப, எப்பத் தூங்குவ? ஹாஸ்டல்ல பேரு குடுத்தாச்சு. போன வாரமே பாரத்த நிரப்பித் தமிழம்மாகிட்டக் குடுத்துட்டேன்."

"அப்ப வண்டி? எதுக்கு இம்புட்டும் செஞ்சோம்?"

"ஒன்னயக் கூட்டியார. சனிக்கிழம சனிக்கிழம. மழை பேஞ்சா ஓடையில மாட்டிக்கிட்டு வர முடியாமப் போயிட்டா? நீ அங்க வாசலப் பாத்துக்கிட்டு நிப்பல்ல? அதான்."

"நான் வீட்டுலருந்து படிக்கத்தான்னு நெனச்சேன்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா மிட்டாய்த் தட்டைக் கீழே வைத்தாள். "இங்க வச்சுக்கணும்னு எங்களுக்கு மட்டும் ஆசை இல்லையாடி? மூணு பீரோ, மூணு பீரோன்னு நீதான சொல்லிக்கிட்டே திரிஞ்ச."

"ஆமா" என்றேன். "எனக்கும் ஹாஸ்டல்தான் பிடிச்சிருக்கு."

வாளி எதற்கென்று இப்போது தெரிகிறது.

மே 17, சனி

தலைவலி. எழுதவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஹாஸ்டல். மூன்று பீரோதான். ஒன்றுக்குச் சாவி இல்லையாம்.

என் கட்டில் ஜன்னலோரம். பக்கத்துக் கட்டில் ஜெசிந்தா, வத்தலக்குண்டுக்குக் கிழக்கே ஏதோ ஊர். அம்மா வாளியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, தள்ளியது சரியில்லை என்று நான்கு முறை மாற்றி மாற்றி வைத்தாள். அப்பா வார்டன் அம்மாவிடம் சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கேட் திறக்கும் என்று கேட்டார். அவர் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார்.

போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பார்த்திருப்பார். ஓட்டுபவர்களுக்கு அது வசதி.

ஜூன் 18, புதன்

முட்டை நிஜம்.

ஜூன் 21, சனி

வியாழக்கிழமையிலிருந்து மலையில் மழை. இங்கிருந்து பார்த்தால் மலையே இல்லை, ஒரு சாம்பல் துணி மட்டும் தொங்குகிறது. காலையில் வார்டன் அம்மா, "மலைப் பிள்ளைங்க யாரும் பையக் கட்ட வேணாம். ரெண்டு வீட்டுலருந்து வர முடியலன்னு போன் வந்துருச்சு" என்றார். எங்கள் ஊரில் போன் எடுக்காது. அதனால் போன் வராததற்கு எந்த அர்த்தமும் இல்லை.

ஜெசிந்தாவுக்கு விளக்கினேன். நான் அளந்தது காய்ந்த கரை. ஈரக் கரையில் சக்கரத்துக்குப் பிடிமானம் இருக்காது. தண்ணீர் கரையை அரித்திருந்தால் இருபத்து மூன்று முப்பதாகக்கூட ஆகியிருக்கும். ஆகவே அப்பா வரமாட்டார், வரவும் கூடாது, வந்தால் அது முட்டாள்தனம்.

"சரி. அப்புறம் ஏன் பையக் கட்டுற?" என்றாள் அவள்.

இரண்டு மணிக்குக் கேட் திறந்தார்கள். இரண்டரைக்கு மூன்று பேர் போனார்கள். மூன்றே காலுக்கு மழை இங்கேயும் வந்துவிட்டது. நான் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு பக்கத்தையே படித்துக்கொண்டிருந்தேன். எந்தப் புத்தகம் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

நான்கு மணிக்கு ஹாரன்.

ஓடினேன். கதவு வரை சேறு, கண்ணாடியில் சேறு. நான் நேராகப் பின்பக்கம் போய், மழைத் தண்ணீரில் முழங்காலிட்டு வாலின் அடியைப் பார்த்தேன். மண் அப்பியிருந்தது. கீறல் இல்லை. புதிதாக ஒரு கீறல்கூட இல்லை.

அப்பாவின் ஈரச் செருப்பு என் பக்கத்தில் வந்து நின்றது. "பெத்த அப்பன் இங்க நிக்கிறேன். நீ அங்க என்னத்தத் தேடுற?"

"இடிச்சுச்சாப்பா?"

"இல்ல."

"ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட இல்ல. கர கொஞ்சம் அரிச்சிருக்கு. ஓடைக்குள்ள எறங்கி நின்னு நாலு கல்லத் தூக்கிப் போட்டுட்டு ஏறுனேன். அதான் லேட்டு."

அவர் வேட்டி இடுப்பு வரை நனைந்திருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. முன் கதவு வழியாக அம்மா கத்தினாள். "ரெண்டு பேரும் மழையில நின்னு பேசுங்க, நான் நடந்தே வீட்டுக்குப் போறேன்!"

இப்போது நான் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். இடது பக்கம் அம்மா; எனக்குக் கொண்டுவந்த பணியாரத்தை மடியில் வைத்துக்கொண்டு பாதியை அவளே தின்றுவிட்டாள். மண் பாதையில் திரும்பிவிட்டோம். இன்னும் ஒரு வளைவில் ஓடை. திங்கட்கிழமை அதிகாலை மறுபடி இதே வழியாக இறங்க வேண்டும். அப்பா கியரை மாற்றுகிறார். எழுத்து கோணுகிறது, பேனாவை மூடுகிறேன்.